என் பெயரில் இருந்த பக்கம்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் சேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். போடியிலிருந்து போனவனுக்கு சேச்சி என்ற சொல் முதல் இரண்டு மாதம் வாயில் வரவில்லை. பிறகு மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அவரும் தமிழ் பேசுகிறவர்தான். மூன்று தலைமுறைக்கு முன்னால் கொச்சிக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் பேச்சு தமிழ், படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை அவர் முன்னால் நீட்டினால் “இது எனக்கு வெறும் கோலமாக்கும்” என்று சிரிப்பார்.

கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இரண்டே பேர். காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை அவர். ஒரு மணியிலிருந்து சென்டர் மூடும் வரை நான். இடையில் ஒரு மணி நேரம் சேர்ந்திருப்போம். எனக்கும் அவருக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். சம்பளமும் பதவியும் ஒன்றுதான். சர்வருக்குள் நுழைய இருவருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். சின்ன இடங்களில் அப்படித்தான் இருக்கும்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் கறுப்புத் திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் சர்வரில் படங்கள், பொத்தான்கள் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கையேடு அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும். ‘மேன்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கட்டளையின் பெயரை அடித்தால் அதற்கான பக்கம் விரியும். பெயர், விவரம், என்னென்ன செய்யும், என்ன செய்யாது, கடைசியில் அதன் குறைகள். படித்து முடித்து ‘கியூ’ தட்டினால் மூடிக்கொள்ளும்.

இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் இதைப் பயன்படுத்துவார்கள், எப்போதாவது சந்தேகம் வந்தால். அக்கா ஒவ்வொரு தடவையும் பயன்படுத்துவார். ஒரு ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டும் எல்.எஸ். என்ற கட்டளை இருக்கிறது. கணினியைத் தொட்ட முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்வது. அதற்கும் அவர் தினமும் பக்கத்தைத் திறப்பார். விரலைத் திரைக்கு ஓர் அங்குலம் தள்ளி வைத்து வரிவரியாக நகர்த்துவார். உதடு லேசாக அசையும். மூடுவார். பிறகுதான் கட்டளையை அடிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் காலையிலேயே போய்க்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், இதைப் போய் எதற்கு அக்கா தினமும் வாசிக்கிறீர்கள் என்று.

“நேத்து வாசிச்சது நேத்தைக்கு. இன்னிக்குள்ளது இன்னிக்கு வாசிக்கணும், கேட்டியா” என்றார்.

பெரிய தத்துவம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவருக்கு நேர் எதிர். இன்டர்நெட்டில் யாரோ எழுதிப் போட்டிருக்கும் கட்டளையை எடுத்து ஒட்டி என்டர் தட்டுகிறவன். வேலை முடிந்தால் சரி. அக்காவுக்கு இருபது நிமிஷம் ஆகிற வேலை எனக்கு மூன்று நிமிஷத்தில் முடியும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஆனால் அவர் வாசிப்பால் ஒருமுறை சென்டரே தப்பியது. ஸ்கேன் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினீயர் போனில் ஒரு கட்டளையைச் சொல்லி உடனே அடிக்கச் சொன்னார். அக்கா போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தார். அந்த ஆள் எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. முழுப் பக்கத்தையும் படித்துவிட்டு அக்கா போனை எடுத்து, நீங்கள் சொல்கிற எண்ணில் இருப்பது புது டிஸ்க் அல்ல, எங்கள் நோயாளிகளின் படங்கள் இருக்கிற டிஸ்க், இதை அடித்தால் அது காலியாகிவிடும் என்றார். எதிர்முனை அடங்கிவிட்டது. அன்றைக்கு டாக்டர் கவுண்டருக்கு வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். டாக்டர்தான் சென்டரின் முதலாளி. யாரையும் சுலபத்தில் பாராட்டுகிறவர் அல்ல.

வாசிப்பு கணினியோடு நிற்கவில்லை. தோப்பும்படியில் பஸ் ஏறும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்காகப் போகிற அதே பஸ்தான். போர்டை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் காலை வைப்பார். தலைவலி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஒவ்வொரு மாத்திரைக்கும் வாசிப்பார். காலையில் அறைக்குள் வந்ததும் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். “ஒரு நிமிஷம். வாசிச்சிட்டு வரேன்.” திரை முன்னால் பத்து நிமிஷம். பிறகு எழுந்து வந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அவள் குழந்தையின் தடுப்பூசியைப் பற்றி. என்னிடம் திங்கட்கிழமைதோறும் அம்மாவின் முட்டிவலியைப் பற்றி. எந்த முட்டி என்றுகூட அவருக்கு ஞாபகம் இருக்கும், அவர் பேச்சில் ஓர்மை. போடியில் தனியாக இருக்கும் அம்மாவை நினைத்துக்கொள்ள அந்த ஊரில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் அவரிடம் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அம்மாவின் வேண்டுதலுக்காகப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்தேன். அறைக்குள் நுழைந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, மலையாளத்தில், மரியாதையாக, கவுண்டர் வெளியே இருக்கிறது, டோக்கனை அங்கே கொடுங்கள் என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தில் என்னை அறிந்த அடையாளம் ஒன்றுமே இல்லை. கவுண்டர் பெண் எட்டிப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கேலி செய்த பிறகு அக்காவும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. எனக்குக் கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு மறந்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை நடந்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

ஒரு மணிக்கு வந்தேன். சர்வரில் இடம் நிரம்பி, ஸ்கேன் மெஷின் புதுப் படங்களைச் சேமிக்க மறுத்துக்கொண்டிருந்தது. அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிட உள்ளே போனார். வந்து பார்க்கிறேன், ஒன்றும் தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் பழசான தற்காலிகக் கோப்புகளை அழித்தால் போதும். ஃபைண்ட் என்ற கட்டளை அதைச் செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டளையில் சொற்களின் வரிசை முக்கியம். எந்தக் கோப்புகள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, ‘அழி’ என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். நான் ‘அழி’ என்பதை முதலில் சொல்லிவிட்டேன். அது வேறெதையும் கேட்காமல் அழிக்கத் தொடங்கியது. திரையில் ஒன்றும் தெரியாது. சின்னக் கட்டம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்கு உறைத்தபோது எல்லாம் போய்விட்டிருந்தது.

அக்கா கை கழுவிவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். முன்னால் அடித்த கட்டளைகளின் வரிசையைத் திரையில் வரவழைத்தார். கடைசி வரியைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஃபைண்ட் கட்டளையின் பக்கத்தைத் திறந்து, கீழே போய், ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ‘அழி’ என்பதை முதலில் போட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று எச்சரிக்கையாகவே எழுதியிருந்தது. பேக்கப் டிஸ்க்கை எடுத்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உள்ளது திரும்பி வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எடுத்த படங்கள் போனது போனதுதான். இரண்டு மணிக்குப் போக வேண்டியவர் அன்றைக்கு ஏழு மணி வரை என்னோடு இருந்தார்.

சிஸ்டம் பழுதாகிவிட்டது, மறுபடி ஸ்கேன் எடுக்க வாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. தோப்பும்படி ஹார்பரில் மீன் கூடை இறக்குகிறவர். வயிற்றுவலி என்று செவ்வாய் சாயங்காலம் ஸ்கேன் எடுத்திருந்தார். புதன்கிழமை சாயங்காலம் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியிருக்க வேண்டும். ரிப்போர்ட் வரும் வரும் என்று அவர் வீட்டில் காத்திருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தார். பிழைப்பாரா என்று தெரியாத நிலையில்தான் அவர் மனைவி மத்தியானம் எங்கள் கவுண்டருக்கு வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள். படம் எங்கே?

டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். சிஸ்டம் தானாகப் பழுதாகவில்லை, உங்களில் யாரோ அழித்திருக்கிறீர்கள், யார் என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நானா செஞ்சது?” என்று என்னிடம் கேட்டார்.

அந்த நொடியைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியும். புதன்கிழமை கட்டளையைப் பார்த்தவர், பக்கத்தைத் திறந்து காட்டியவர். எனக்காகப் பழியை எடுத்துக்கொள்ள முன்வருகிறார், என் சம்மதத்தைக் கேட்கிறார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. மறுத்திருக்க வேண்டும். வெளியே நிற்கும் அந்தப் பெண்ணின் முகம்தான் கண்முன் வந்தது.

“நீங்கதான் சீட்ல இருந்தீங்க அக்கா” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் ரத்தம் வடிந்துபோனது. எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

“அப்ப நானாத்தான் இருக்கும்” என்று டாக்டரிடம் சொன்னார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே போய் நன்றி சொல்ல நினைத்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நின்றுவிட்டேன்.

அதன் பிறகு எனக்குக் கட்டளை அடிக்கவே பயம் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நானும் பக்கத்தைத் திறக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கவுண்டர் பிரின்டர் நின்றுவிட்டது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வருகிற கையேட்டுப் பக்கங்களையெல்லாம் ஒற்றை வரி விளக்கத்தோடு பட்டியல் போடும் வசதி ஒன்று மேனில் உண்டு. பிரின்டர் என்று கொடுத்தேன். பட்டியல் வந்தது. இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவில் ஒரு வரி, இங்கிலீஷ் எழுத்தில், தமிழில் இருந்தது. ‘கவுண்டர்ல உள்ள பிரின்டர். வலது பக்கம் தட்டினா ஓடும்.’

சிரித்துவிட்டேன். அக்காவின் வேலை. கணினிக்குள் நாமே புதுப் பக்கம் எழுதிச் சேர்க்கலாம். யாரும் மெனக்கெடுவதில்லை. அந்தப் பக்கம் ஒன்பதாம் பிரிவில் இருந்தது. கையேடுகள் பிரிவு பிரிவாக இருக்கும். எங்கள் கணினியில் ஒன்பதாம் பிரிவு காலியாக இருக்க வேண்டும். அந்தப் பிரிவு முழுவதையும் பட்டியல் போடச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. பிரின்டர், பேக்கப் டிஸ்க், அலமாரிச் சாவி, வீட்டுக்குப் போகிற பஸ். டாக்டர். கவுண்டர் பெண். ‘நான்’ என்று ஒன்று. என் பெயரில் ஒன்று.

‘நான்’ என்ற பக்கத்தை முதலில் திறந்தேன்.

‘மூளைக்காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தி படிச்சதெல்லாம் இருக்கு. அதற்குப் பிறகு உள்ளது இரண்டு நாள் நிற்கும், பிறகு போகும். தினம் பார்க்கிற முகம் மட்டும் மெதுவா ஒட்டும். இங்கே யாருக்கும் தெரியாது, சொல்லாதே. காலையில் எல்லாப் பக்கமும் வாசி. வாசிச்ச பிறகு ஆட்களிடம் பேசு. பயப்படாதே. ஓர்மை போனாலும் கை தப்பு செய்யாது, இதுவரைக்கும் செய்ததில்லை.’

பக்கத்தில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். என்ன சொன்னேன் என்று தெரியாது. நானா செஞ்சது என்று அவர் என்னிடம் கேட்டது வெள்ளிக்கிழமை. நடந்தது புதன்கிழமை. இரண்டு நாள். அவர் நடிக்கவில்லை. பழியை எடுத்துக்கொள்ளவும் முன்வரவில்லை. தெரியாமல் கேட்டிருக்கிறார்.

என் பக்கத்தைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனதென்று சொல்ல முடியாது. திறந்தேன்.

‘மத்தியானம் வருகிற தம்பி. போடிக்காரன். இடது புருவத்தில் தழும்பு. மொட்டை போட்டாலும் இவன்தான், தழும்பைப் பார். அம்மா தனியா இருக்காள், வலது முட்டி, திங்கட்கிழமை கேள். பசியில் இருந்தால் பேச்சு கொடுக்காதே.’

குறைகள் என்ற தலைப்பின் கீழே: ‘வாசிக்காமல் அடிக்கிறான்.’

அதற்கும் கீழே: ‘பொய் சொல்லமாட்டான். எனக்கு ஓர்மை இல்லாததை இவனிடம் கேள். இவன் சொன்னால் நடந்தது அதுதான்.’

கடைசியில் தனியாக ஒரு வரி: ‘இன்னிக்கு பயந்திருக்கான். ஒண்ணும் கேட்காதே.’

பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை, சாயங்காலம் ஆறே முக்கால். என் தப்பு முழுவதும் தெரிந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். தப்பை எழுதவில்லை. எழுதியிருந்தால் தினமும் காலையில் அதை வாசித்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்திருப்பார். அது வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

மறுநாள் டாக்டரிடம் போய் அழித்தது நான்தான் என்றேன். பிறகு ஏன் சேச்சி ஒத்துக்கொண்டாள் என்று கேட்டார். அக்காவின் ரகசியத்தை அங்கே உடைக்க எனக்கு உரிமையில்லை. நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், எனக்காக ஒத்துக்கொண்டார் என்றேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மத்தியானத்துக்குள் கிளம்பிவிடு என்றார். ஒன்பதாம் பிரிவு முழுவதையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். சர்வரிலிருந்து அந்தப் பக்கங்களை அழிப்பதற்கு முன் அழிக்கும் கட்டளையின் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தடவை வாசித்தேன். அங்கிருந்து ஹார்பருக்கு நடந்தேன். கூடை இறக்குகிறவர் வேலைக்குத் திரும்பியிருந்தார், சுமை தூக்காமல் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்காவின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். கதவைத் திறந்தவர் அவர் கணவர், ஏ.சி. மெக்கானிக். நான் யார் என்று சொன்னதும் வாசலிலேயே நிறுத்திவைத்து மெதுவான குரலில் பேசினார். அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அந்தக் காய்ச்சல் வந்ததாம். அப்போது அக்கா தேவராவில் ஒரு கப்பல் வரைபட ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாராம். பிறகு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று மறைத்துத்தான் ஸ்கேன் சென்டரில் சேர்ந்தாராம். மூன்று வருஷம் ஒரு பிழை இல்லை.

“இப்ப கேஸ் பத்தவைக்கமாட்டா. தனியா ரோட்டைக் கடக்கமாட்டா. கத்திகூட எடுக்கமாட்டா” என்றார். “தலைதான் போச்சு, கை சரின்னு ஒரு நம்பிக்கையில இருந்தா. ஒரு ஆள் சாகக் கிடந்தது என் கையாலன்னு ஒரு காகிதத்துல எழுதிவெச்சிருக்கா. தினம் வாசிக்கா.”

நான் செய்தது என்னவென்று அப்போதுதான் முழுவதுமாகத் தெரிந்தது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் புருவத்தைத்தான் முதலில் பார்த்தார். முகம் மலர்ந்தது. “மத்தியானத் தம்பி” என்றார். “இரி.”

நான் உட்காரவில்லை. “அக்கா, அன்னிக்கு அந்தக் கமாண்டை அடிச்சது நான். நீங்க உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க.”

“எந்தக் கமாண்ட்?”

சொன்னேன். “டெலீட்டை முந்தி வெச்சியா?” என்றார். ஆமாம் என்றேன். “பக்கத்துல எழுதியிருக்குமே.” வாசிக்கவில்லை என்றேன்.

மடியில் கிடந்த இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தார். “அப்ப என் கை ஒண்ணும் செய்யல?”

“இல்லக்கா. ஒண்ணும் செய்யல.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. “நான் உன்கிட்ட கேட்டிருப்பேனே” என்றார். “ஓர்மை இல்லாட்டா நான் உன்கிட்டதான் கேப்பேன். கேட்டேனா?”

“கேட்டீங்க.”

“நீ என்ன சொன்னே?”

அதையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அப்படி ஒரு அதிர்ச்சியை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. கோபம் அதில் இல்லை. தெரிந்த வீட்டில் படி இருக்கிற இடத்தில் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனவர் மாதிரி இருந்தார்.

கணவர் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பக்கங்களை அதில் ஏற்றினேன். தன்னுடைய நாற்பது பக்கங்களையும் பார்த்தபோது அவர் லேசாக அழுதார். பிறகு என் பக்கத்தைத் திறந்து, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

“நான் எழுதினா நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும். நீ எழுது.”

எழுதினேன். என்ன நடந்தது, யார் அடித்தது, டாக்டர் அறையில் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். அவர் விரலை ஓர் அங்குலம் தள்ளி வைத்து இரண்டு தடவை வாசித்தார். பொய் சொல்லமாட்டான் என்ற வரிகளை அவரே அழித்தார். சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைக் கணவர் கிழித்துப் போட்டார். இன்றைக்குப் போ தம்பி என்றார் அக்கா.

கணவர் சந்து முனை வரை வந்தார். “வேணும்னுதான் அவ அதை எழுதாம விட்டிருப்பா. இப்ப உன்னைப் பாக்கும்போதெல்லாம் வாசிப்பா, தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன்.

இப்போது எனக்குத் தேவராவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். டாக்டர் போன் செய்து அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார், அவர் போகவில்லை. கேஸ் பற்றவைக்கிறார். மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய்வருகிறார். வீட்டிலிருந்தே யாருக்கோ சின்னச் சின்ன வேலைகள் செய்துகொடுக்கிறார்.

நான் போனதும் கணவர் என்னை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ச் சொல்லுவார். உள்ளே விசைப்பலகைச் சத்தம் கேட்கும். பிறகு சத்தம் இருக்காது. அவர் என் பக்கத்தை வாசிக்கிறார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே வரவேயில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மற்ற நாட்களில் வந்திருக்கிறார். வாசற்படியில் நின்று, முதல் நாள் பார்த்த அதே அதிர்ச்சியோடு என் முகத்தைப் பார்ப்பார்.

“உன்னைப் பத்தி ஒண்ணு வாசிச்சேன்” என்பார். “நெசமா தம்பி?”

இல்லை என்ற பதிலைத்தான் அவர் எதிர்பார்க்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரியும். இல்லை என்று நான் சொன்னால் உடனே நம்புவார். அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே சாயா போடப் போவார்.

“நெசந்தான்க்கா” என்கிறேன்.